சேதி வராத வீட்டில் துக்கம் கேட்பது எப்படி?

மட்டாஞ்சேரியில் நம்மவர் வீடு ஒன்றில் சாவு விழுந்தால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் தெருவில் நாற்காலிகள் வந்துவிடும். பக்கத்து கொங்கணி வீட்டிலிருந்து காப்பி வரும். எதிர்வீட்டு மலையாளி இளைஞன் சர்டிபிகேட்டுக்கு ஓடுவான். பஜாரில் கடை வைத்திருப்பவர்கள் பாதிக் கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து போவார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் வீட்டுக்காரர் அதே கதையை முதலிலிருந்து சொல்வார். "காலையில் காப்பி குடித்தார், பேப்பர் படித்தார், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார்..." நாற்பது பேர் வந்தால் நாற்பது தடவை. கேட்பவரும் முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டுக்கொள்வார். இதைத்தான் நம் பெரியவர்கள் துக்கம் கேட்டல் என்றார்கள். துக்கம் சொல்லுதல் என்று பெயர் வைக்கவில்லை. கேட்பதுதான் வருகிறவரின் வேலை.

இதற்குப் பிறகு பத்து, பதினாறு, மாதாமாதம், பிறகு ஆண்டுத் திவசம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. துக்கத்தை ஒரே நாளில் இறக்கி வைக்க முடியாது என்று தெரிந்து, தவணை தவணையாக இறக்குவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஊரைவிட்டு வந்த நாமும் இதை முடிந்தவரை விடாமல் வைத்திருக்கிறோம். இவ்வளவும் நடப்பதற்கு ஒன்று மட்டும் வேண்டும். இறந்தார் என்ற சேதி வரவேண்டும். அந்தச் சேதியே வராத வீட்டில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, துக்கம் கேட்க வருபவரும் இல்லை. சாவு வீட்டைவிட அந்த வீட்டுக்குத்தான் ஆள் அதிகம் தேவை என்பது என் கருத்து. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நம் சங்கத்துக்கு வருகிற ஒரு அம்மையார் என்னைவிட மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் குடும்பம் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, பிறகு புனலூர்ப் பக்கம் குளத்துப்புழையில், தாயகம் திரும்பியவர்களுக்காக ஏற்படுத்திய ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அக்கா மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். ஒப்பந்தம் பல குடும்பங்களை இரண்டாக வகுந்தது. ஒரே வீட்டில் சிலருக்கு இந்தியக் குடியுரிமை, சிலருக்கு இலங்கைக் குடியுரிமை. அக்காவின் தம்பி அங்கேயே தங்கிவிட்டார். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து எத்தனையோ பேர் வன்னிக்குப் போனார்கள். அவரும் கிளிநொச்சிக்குப் போய் விவசாயம் செய்தார். 2009 ஜனவரியில் ஒரு தொலைபேசி வந்தது. அதற்குப் பிறகு இல்லை. தம்பியின் மனைவி செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தார். தம்பி வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, ஆலுவா மணப்புறத்துக்கு எல்லாரும் போறாங்க. என் மகனை விட்டு அவன் மாமனுக்கு எள்ளும் தண்ணியும் விடச் சொல்லலாமா? அங்கே அவன் பெண்சாதி இன்னும் பொட்டு வச்சிக்கிட்டு இருக்கா. நான் இங்கே எள்ளு விட்டா, நானே அவனைச் சாகடிச்ச மாதிரி ஆகாதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி என்ன, செய்துவிடுங்கள் என்றார் ஒருவர். நம்பிக்கையை விடாதீர்கள், எங்காவது சிறையில் இருப்பார் என்றார் இன்னொருவர். பழசையெல்லாம் மறந்துவிட்டுப் பேரக்குழந்தைகளைப் பாருங்கள் என்றார் மூன்றாமவர். மூவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் மூன்று பதிலும் அந்த அம்மாளின் வாயை அடைக்கிற பதில்கள். அவர் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். தம்பியின் பெயர் என்ன என்றுகூட அங்கே யாரும் கேட்கவில்லை.

இந்த வகைத் துக்கத்துக்கு அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற குடும்பவியல் பேராசிரியை ஒரு பெயர் கொடுத்தார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் மனைவியரோடு 1970-களில் பழகி ஆராய்ந்தவர். 1999-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். தமிழில் அதை முடிவு தெரியாத இழப்பு என்று சொல்லலாம். ஆள் வீட்டில் இல்லை, ஆனால் மனத்தில் இருக்கிறார். அழவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை. இது அந்தப் பெண்ணின் மனக்கோளாறு அல்ல, அவள் நிற்கிற நிலைமையின் கோளாறு என்றார் பாஸ். எனக்கு இது மிகவும் சரியென்று படுகிறது. பாலம் சாய்ந்தால் முதலில் அடித்தளத்து மண்ணைப் பரிசோதிப்போமே தவிர, தூணைக் குறைசொல்ல மாட்டோம். அவர் சொன்ன வழியும் யோசிக்கத்தக்கது. இருக்கிறாரா இல்லையா என்று ஒரு முடிவுக்கு வரச்சொல்லி அந்தக் குடும்பத்தை நெருக்கக்கூடாது. 'இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்' என்ற இரண்டையும் ஒருசேரச் சுமக்க அவர்களுக்குத் தோள்கொடுக்க வேண்டும்.

முடிவு செய்யச்சொல்லி நெருக்குவது உறவினர் மட்டுமல்ல, சட்டமும்தான். ஏழு ஆண்டு சேதி இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது நம் நாட்டுச் சாட்சியச் சட்டம். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து எரியூட்டும் வழக்கம் உண்டென்று சாஸ்திரிகள் சொல்கிறார்கள். இலங்கையிலோ 2010-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கலாம். வங்கிக்கணக்கு, காணி, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் வேண்டும். ஆனால் எத்தனையோ தாய்மார் வாங்க மறுத்தார்கள். "என் பிள்ளை செத்தான் என்று நான் கையெழுத்துப் போடுவதா?" என்பதுதான் அவர்கள் கேள்வி, நம் அக்கா கேட்டதும் அதேதான். 2016-இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் ஒரு சொல்லை மாற்றியதுதான். என்னைப் பொறுத்தவரை அதுவும் மனத்துக்குச் செய்த வைத்தியமே.

எண்ணிக்கை சிறியதல்ல. செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவில் மட்டும் இலங்கையில் காணாமற்போனவர்கள் 16,000-க்கும் மேல். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் தெருவோரப் பந்தலில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபடியே வயதாகி, பதில் தெரியாமலே கண்மூடியவர்கள் பலர்.

இவர்களுக்கு அங்கே யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் குண்டுவீச்சுக் காலத்திலேயே இந்த வேலையைத் தொடங்கியவர். 'மனவடு' என்று தமிழிலேயே புத்தகம் எழுதினார். நோயாளிகள் ஆயிரக்கணக்கில், மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆகவே ஆசிரியர்கள், கிராம ஊழியர்கள் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் அதற்கு இட்ட பெயர் உளவளத்துணை. 'கவுன்சலிங்' என்று நாம் சொல்வதைவிட எவ்வளவு பொருத்தமான சொல்! துணை என்றால் கூட இருப்பது. மனம் படபடக்கும்போது அமைதிப்படுத்த அவரவர் சமயத்துச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். சைவர்களுக்கு ஓம், கிறிஸ்தவர்களுக்கு யேசுவின் நாமம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய திக்ர். ஈமச்சடங்கும் திருவிழாவும் கூட்டு அழுகையும் நின்றுபோன இடத்தில் மனம் ஆறுவதும் நின்றுபோகிறது என்பதை அவர் எழுத்தில் பல இடங்களில் காணலாம்.

மட்டக்களப்பில் வேறொரு காட்சி. 1990-களில் பட்ரீசியா லாரன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அங்கே தங்கியிருந்தார். மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் அம்மன் கோயிலில் தெய்வம் ஏறி ஆடுபவரிடம் போய், என் பிள்ளை எங்கே என்று கேட்பதைப் பார்த்து எழுதினார். படித்த நம்மவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். வெளியே வாய்திறந்து கேட்டால் ஆபத்து என்ற காலத்தில், அந்தத் தாய் பலர் முன்னிலையில் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழ இடம் கொடுத்தது அந்தக் கோயில் வாசல் ஒன்றுதான்.

போர் முடிந்தபின் அந்த இடமும் சுருங்கியது. வன்னியில் இறந்தவர்களுக்குப் பொதுவில் விளக்கேற்றுவதற்குப் பல ஆண்டுகள் தடை இருந்தது. உளவளத்துணைப் பணிக்கும் எளிதில் அனுமதி கிடைக்கவில்லை. வீடு கட்டலாம், ரோடு போடலாம், அழுவதற்கு மட்டும் அனுமதி வேண்டும் என்றால் என்ன சொல்வது?

என் தொழிலில் நான் பார்த்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். டிப்ளமா முடித்து, இருப்புப்பாதை இன்ஸ்பெக்டராகப் பாலக்காட்டுப் பக்கம் இருந்த நாளில், என் பிரிவைச் சேர்ந்த கேங்மேன் ஒருவர் மழை இருட்டில் ரயில் மோதி இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவர் மனைவி என் ஆபீசுக்கு வந்தார். நஷ்டஈட்டுப் பாரம் பற்றிக் கேட்பார் என்று பைலை எடுத்தேன். அவர் கேட்டது, "எந்தக் கல்லு ஐயா?" கிலோமீட்டர் கல்லைத்தான் கேட்டார். லெவல் கிராசிங்கிலிருந்து மேஸ்திரியும் நானும் அவரோடு நடந்து போய் இடத்தைக் காட்டினோம். அவர் அழவில்லை. கொஞ்சநேரம் நின்றார். தண்டவாளத்தின் ஓரத்திலிருந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். கருமாதிக்கு ஊன்றுகிற கல்லாக இதையே வைக்கிறேன் என்றார். பிறகுதான் பேச ஆரம்பித்தார். திரும்பி நடந்துவந்த வழியெல்லாம் பேசினார். பாரம் பற்றி மறுநாள்தான் கேட்டார்.

ஒரு கல் இருந்ததால் அந்த அம்மாளுக்கு அழ வழி கிடைத்தது. கல்லே இல்லாமல் போன ரயில்பாதை ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. இரண்டாம் உலகப்போரில் 1942, 43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது தமிழ்நாட்டில் பெருவாரியாக இருந்த அதே மீட்டர்கேஜ். மலாயாவின் கிழக்குப் பகுதிப் பாதையைப் பிடுங்கிய தண்டவாளங்களையும் கொண்டுபோய் அங்கே போட்டார்கள். அந்த மலைக்காட்டில் அவ்வளவு தூரத்தை ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் முடித்தார்கள் என்றால், எந்த இருப்புப்பாதைக்காரனும் முதலில் கேட்பது எத்தனை பேர் செத்தார்கள் என்பதைத்தான். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட 75,000 பேருக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாக ஏழாயிரம் கல்லறைகள் உள்ளன. பெயர், படைப்பிரிவு, வயது பொறித்து. காலராவில் இறந்த தமிழனுக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. தோட்டத்தில் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு ஒரு தந்திகூட வரவில்லை. 2023-இல்தான் காஞ்சனபுரியில் ஒரு புத்தவிகாரை வளாகத்தில் அவர்களுக்கென்று நடுகல் எழுப்பினார்கள். எண்பது ஆண்டு! கணவனைத் தேடியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தபின், பேரப்பிள்ளைகள்தான் அந்தக் கல்லைத் தொட்டார்கள்.

அதெல்லாம் கடல் கடந்த கதை, கொச்சியில் இருக்கும் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 ஜூலை 5-ஆம் தேதி ஈராக்கில் சிக்கியிருந்த நர்சுகள் 46 பேர் நம் நெடும்பாசேரி விமானநிலையத்தில் வந்து இறங்கியதை டி.வி.யில் பார்த்து நாமெல்லாம் கைதட்டினோம். அதே நாட்களில் மொசூலில் பிடிபட்ட கட்டடத் தொழிலாளர்கள் 39 பேரின் குடும்பங்கள் 2018 மார்ச் வரை, இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் நாலு வருஷம் நின்றன. ரஷ்ய இராணுவத்தில் மாட்டிக்கொண்டு உக்ரைன் போர்முனையில் இறந்த இளைஞர்கள் நம் பக்கத்துத் திருச்சூர் மாவட்டத்துக்காரர்கள். ஒன்று 2024-இல், ஒன்று 2025 ஜனவரியில். பிழைக்கப் போகிறவர்கள் நாம். நாம் போகிற ஊரில் போர் வராது என்று யார் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்?

சங்கத்தில் அரசியல் வேண்டாம் என்பது நம் விதி. நானும் அதை மதிப்பவன். ஆனால் காணாமற்போன தம்பியின் பெயரைக் கேட்பது அரசியல் ஆகாது. இலங்கையில் 1980-களின் கடைசியில் தெற்கே பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரும் இருக்கிறார்கள். களத்திலிருந்து திரும்பாத இராணுவ வீரனின் மனைவியும் இதே வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நம் கொச்சி கடற்படை ஊர். 1971 டிசம்பர் 9-இல் டையூ அருகே மூழ்கிய 'குக்ரி' கப்பலோடு போன 194 பேரின் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு உடல் வந்து சேரவில்லை என்பதை இங்கே வயதானவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இனி மருத்துவ விஷயம் கொஞ்சம். நான் மருத்துவன் அல்ல. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். போர், பேரிடர் இவற்றில் சிக்கியவர்களுக்குச் செய்யவேண்டிய மனமுதலுதவி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் பார், கேள், தொடர்பு ஏற்படுத்திக் கொடு என்ற மூன்றுதான். அவருக்குச் சோறு, தங்க இடம், சேதி கிடைக்கிறதா என்று பார். அவர் சொன்னால் கேள். சொல் சொல் என்று பிடுங்காதே. பிறகு உறவினரோடோ உதவி செய்யும் அலுவலகத்தோடோ சேர்த்துவிடு. நடந்ததையெல்லாம் உடனே ஒருதடவை கொட்டவைத்தால் சரியாகிவிடும் என்ற பழைய முறையை இப்போது வேண்டாமென்கிறார்கள். துக்கம் கேட்க வருபவரிடம் வீட்டுக்காரர் தானாகச் சொல்வது வேறு, அந்நியர் ஒருவர் நோட்டுப்புத்தகத்தோடு வந்து கேட்பது வேறு.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அழுகிற அம்மாளுக்குத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவது. வேறு மனநோய் இல்லாமல் துக்கத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு பென்ஸோடயசெபின் வகை மாத்திரை கொடுக்கவேண்டாம் என்று அதே நிறுவனம் 2013-இல் மருத்துவர்களுக்கே சொல்லியிருக்கிறது. (ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துத் தாமாக நிறுத்திவிடவேண்டாம். டாக்டரைக் கேளுங்கள்.) மருத்துவரே தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. மாதக்கணக்கில் சாப்பாடும் உறக்கமும் இல்லாமல் ஆள் உருகுவது, வீட்டுவேலையே ஓடாமல் போவது, குடியில் இறங்குவது, எனக்கு இனி இருக்கப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது ஆகியவை தென்பட்டால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது.

இங்கே நமக்கென்று ஒரு தனிச்சங்கடம் உண்டு. நாற்பது வருஷம் கேரளத்தில் இருந்தாலும் நம் பெண்கள் மீன் வாங்குவது மலையாளத்தில், அழுவது தமிழில். ஆஸ்பத்திரியில் மகனோ மருமகளோ இடையில் நின்று மொழிபெயர்த்தால் உள்ளே இருப்பது வெளியே வராது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமனாஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் காசில்லாமல் பேசலாம். மொழிகளில் தமிழும் உண்டு. அந்த எண்ணை நம் சங்கக் காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் அச்சடிக்கவேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எல்லோர் கண்ணும் போகிற இடம் அதுதான்.

மகளிர் அணிக்கும் ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் குடும்பங்களில் போரிலோ கடலிலோ வெளிநாட்டிலோ காணாமற்போனவர் யாராவது உண்டா என்று ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களில் மட்டுமே சில இருக்கும். அந்த வீடுகளுக்கு மாதம் ஒருமுறை இருவர் போய் உட்கார்ந்து வரட்டும். பத்திரிகையோ பழமோ கொண்டுபோங்கள், அறிவுரை கொண்டுபோகவேண்டாம். போனவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பார், கடைசியாகப் போனில் என்ன சொன்னார் என்று. செஞ்சிலுவைச் சங்கம் இலங்கையில் 2015 முதல் செய்துவந்ததும் ஏறக்குறைய இதுதான். காணாமற்போனவர்களின் குடும்பத்தார் பத்துப்பேர்போல் வட்டமாகக் கூடி, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் துணையோடு ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது. ஒரே மாதிரி அடிபட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் விளக்கம் சொல்லவேண்டிய பாதிப் பாரம் குறைந்துவிடுகிறது.

தர்ப்பணம் செய்வதா வேண்டாமா என்பதை அந்தந்தக் குடும்பமே தீர்மானிக்கட்டும். ஒரே குடும்பத்துக்குள் மனைவி ஒருவிதமாகவும் அக்கா ஒருவிதமாகவும் நினைக்கலாம். இரண்டுக்கும் இடம் விடுவோம். இறந்தார் என்று சொல்லாமலே ஒரு அகல்விளக்கு ஏற்றலாம். அவர் எங்கிருந்தாலும் நல்லபடி இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். அதற்கு எந்தச் சாஸ்திரமும் குறுக்கே நிற்காது.

வரும் ஆடி அமாவாசைக்கு, பெரியாற்றில் வெள்ளம் ஏறாதிருந்தால், ஆலுவா மணப்புறத்துக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம் என்றிருக்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு அரண்மனைச் சாலையிலிருந்து புறப்பட்டால் கூட்டம் சேருமுன் போய்விடலாம். விருப்பமுள்ளவர்கள் என்னிடமோ செயலாளரிடமோ பெயர் கொடுங்கள். ஆற்றில் இறங்கிப் பலியிடுபவர்கள் இறங்கட்டும். இறங்க மனமில்லாதவர்களும் வரலாம். கரையில் என்னோடு உட்கார்ந்திருக்கலாம், பிளாஸ்கில் காப்பி கொண்டுவருகிறேன்.